ஒற்றை டிக்

"அண்ணே, எம் மகன் சோலையோட போனு. இத ஆன் பண்ணிக் குடுங்க, உள்ள இருக்குற படமெல்லாம் பாக்கணும். ஆனா நெட்டு மட்டும் வந்துறக் கூடாது" என்றாள் மலையம்மாள்.

மேலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் சிரித்தார். "எல்லாரும் நெட்டு வரலைன்னுதான் வாராக. நீ வரக் கூடாதுங்குறியே தங்கச்சி!"

"ஒரு நொடி கூட வரக் கூடாதுண்ணே."

"மகனுக்குத் தெரியாம வேவு பாக்குறியாக்கும்?" என்று சீண்டியபடியே அவர் சிம்மைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "இனி எங்கிட்டுருந்து வரும்?"

போனை ஆன் செய்து, அவள் சொன்ன நம்பரைத் தட்டினார். திரை திறந்தது. எப்போதோ சோலை இங்கே வந்தபோது கேட்டு வாங்கிய கடையின் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் அப்படியே இருந்தது. பழகிய வாசலை அடையாளம் கண்டுகொண்டதுபோல் போன் தானாகவே இணைந்தது.

அவர் உள்ளங்கையில் அது துடிக்கத் தொடங்கியது. வாட்ஸ்அப் செய்திகள். எல்லாமே 'அம்மா' அனுப்பியவை.

சாப்பிட்டியாப்பா?

அங்க குளிருதா?

ஏன் பேச மாட்டேங்குற?

மலையம்மாள் பதறித் தன் போனை எடுத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் ஒற்றை டிக்கோடு நின்றவை எல்லாம் இரண்டு டிக்காக மாறியிருந்தன.

"சேந்துருச்சேண்ணே!"

"நல்லதுதான தங்கச்சி?"

"நேத்துத்தான் அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிச்சோம். ஒத்த டிக்கா இருந்த வரைக்கும், அவனுக்குப் போய்ச் சேரலை, அதான் பதில் போடலைன்னு இருந்தேன்."