இடக்கை

தொழில்முறை கபடி அணிக்கு ஆள் தேடிக் கல்லூரிக்கு வந்திருந்த தாசையாவுக்கு, விரிப்பில் தனியாக நின்ற இருளாண்டியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பக்கத்து ஆளோடு கைகோத்துப் பிடித்தே பழகியவனை, இன்று ஒற்றைக்கு ஒற்றை நிறுத்தியிருந்தார்கள். எதிராளி பாடி வரும்போதெல்லாம் அவன் இடக்கை, அங்கே இல்லாத ஒரு கையைத் தேடி நீண்டது. அதற்குள் எதிராளி தொட்டுவிட்டு ஓடினான்.

"இவன் தேறமாட்டான் சார். தனியா ஒருத்தனையும் பிடிக்கல," என்றார் பயிற்சியாளர்.

"ஆட்டத்துல எவன்யா தனியா நிக்கிறான்?"

தாசையா செருப்பைக் கழற்றினார். என்றோ முறிந்த முழங்காலை இழுத்துக்கொண்டு விரிப்பில் ஏறி, இருளாண்டியின் அந்த இடக்கையைப் பற்றினார். அவன் விரல்கள் அவர் கையை வலிக்குமளவு இறுக்கின.

"இப்பப் பாடி வரச் சொல்லுய்யா."