தொடாத கை

தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கி, இட்லித் தட்டின் குழிகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள் சந்தியா. இறுகியதும், குளிக்கும்போது உடம்பில் தேய்த்துக்கொள்ளலாம், தோல் வறளாது. அடுத்த வாரம் அவளுக்கு வளைகாப்பு.

"எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றாள் மாமியார் தேவகி.

சந்தியாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு காலில் விழுந்தவளைத் தொட்டுத் தூக்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவள் இவள். மகன் வெளியூர்ப் பெண்ணைக் காதலித்தது பிடிக்கவில்லை போலும் என்று அன்றே மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்?"

தேவகி உள்ளங்கைகளை விரித்தாள். சாயப்பட்டறையில் வருஷக்கணக்காகக் கொதிநீரில் பட்டுநூல் அலசி, இரண்டும் மரப்பட்டையாய் வெடித்திருந்தன.

"இந்தக் கை பட்டா பட்டுல இழை இழுத்துக்கும்மா. புதுப்புடவை பாழாயிடுமேன்னுதான் அன்னிக்கு ஒதுங்கி நின்னுக்கினு இருந்தேன். வளைகாப்புக்கும் நீ பட்டு கட்டுவ. ஒரு வாரம் இதைத் தேய்ச்சா கொஞ்சம் மெத்துனு ஆவும்ல? அன்னிக்காவது உன்னைக் கட்டிப் புடிச்சிக்கலாம்னு பாத்தேன்."

சந்தியா அடுப்பை அணைத்தாள். அந்தக் கைகளை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

"இப்ப நான் நூல் புடவைதானே அத்தை கட்டியிருக்கேன்?"