மூன்றாவது மாப்பிள்ளையும் காட்டெருமையும்

எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு ஏறும் ஒற்றைப் பாதையின் நடுவில் காட்டெருமை நின்றது.

பாதைக்கு மேலே பெண் வீடு. கீழே, அரவேணு சாலையில், காரமடையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு எட்டுப் பேர் உள்ளேயே இருந்தார்கள்.

ரஞ்சனி பட்டுப்புடவையில் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா பொன்னுத்துரை தகரத்தைத் தட்டிப் பார்த்தார். அது காதை மட்டும் ஆட்டியது. வனத்துறைக்குப் போன் போட்டார். தொந்தரவு செய்யாதீர்கள், தானாகப் போய்விடும் என்றார்கள். எப்போது போகும் என்று கேட்கச் சொன்னாள் அம்மா. அது அவர்களுக்கும் தெரியவில்லை.

நல்ல நேரம் நாலரையோடு முடிந்தது. பஜ்ஜி ஆறிப்போனது.

முதலில் வந்த மாப்பிள்ளை இதே இடத்தில் இதே மாட்டைப் பார்த்து, கால் மணி நேரத்தில் திரும்பிப் போனார். இரண்டாமவர் காரை விட்டே இறங்கவில்லை. மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்த பிறகு, சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அம்மா மகளின் ஜாதகத்தை அதற்குள் மூன்று ஜோசியர்களிடம் காட்டிவிட்டாள்.

இந்த மூன்றாவது ஆள் விமல், வேனிலிருந்து இறங்கினான். தனியாக ஏறி வந்தான். மாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பாறையில் உட்கார்ந்தான்.

ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

லயமே வாசலில் நின்று அவனைப் பார்த்தது. இத்தனை பொறுமையான பையன் இந்தக் காலத்தில் கிடைப்பானா என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரஞ்சனி மட்டும் மாட்டின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு மாடு ஒரு பெருமூச்சு விட்டு, ஓடைப் பக்கம் இறங்கிப் போனது.

பஜ்ஜியைச் சூடுபண்ணி வைத்தார்கள். காப்பி கொடுத்து முடிந்ததும், இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று சமையலறைப் பக்கம் அனுப்பினார்கள்.

ரஞ்சனி ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்ததைத் தொடங்கினாள். மே மாதம் குரூப் டூ பரீட்சை. வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணம் என்று...

விமல் குறுக்கே, மெதுவாக, மாடு நின்ற இடத்தில் கல்லுப்பு கிடந்ததைச் சொன்னான். தன் வீட்டிலும் நாலு மாடு இருக்கிறதாம். உப்பைக் கண்டால், நக்கி முடிக்காமல் எதுவும் நகராதாம்.

மாப்பிள்ளைகள் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும், அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைக்கும் நேரமாகப் பார்த்து அந்த உப்பைக் கொட்டிவிட்டு வந்தவள் ரஞ்சனிதான்.

அப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்றாள்.

"ஒரு கிலோ பத்தலைங்க" என்றான் விமல். "அது நகரக் கூடாதுன்னுதான் நானும் அங்கயே உக்காந்து வேண்டிட்டிருந்தேன். எங்கம்மா உடாம இழுத்துட்டு வந்துட்டாங்க."

ரஞ்சனியால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

முன்னறையில் பேச்சு சட்டென்று நின்றது.

"புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றது அவன் அம்மாவின் குரல்.

அடுத்த நிமிடம், வெற்றிலை பாக்கைத் தட்டில் எடுத்து வைக்கச் சொல்லி பொன்னுத்துரை கூப்பிட்டார்.