நெற்றியின் சூடு

ஒரு குழந்தையைத் தொட்டபின் இன்னொன்றைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவியே, குழந்தைகள் காப்பக ஆயா ஸ்டெல்லாவின் கைகள் மரத்துப்போயிருந்தன.

"தெர்மாமீட்டர்ல பேட்டரி இல்ல. கை வச்சுப் பாருக்கா, காய்ச்சலா?" என்றாள் உடன் வேலை பார்க்கும் பவுனு.

சோர்ந்து கிடந்த மகிழனின் நெற்றியில் ஸ்டெல்லா உள்ளங்கையை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து உதடுகளைப் பதித்தாள். சுட்டது. பல மாதங்களில் அவள் உணர்ந்த முதல் சூடு.

"கொதிக்குதுடி. அவங்கம்மாவுக்கு போன் போடு."

"போடுறேன். நீ மொதல்ல போய் மூஞ்சியக் கழுவு. பிள்ளைங்க மேல வாய வச்சது மேடத்துக்குத் தெரிஞ்சா வேலைய விட்டே தூக்கிருவாங்க."

ஸ்டெல்லா குழாயைத் திறந்தாள். உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, கன்னங்களை மட்டும் கழுவினாள்.