ஆவியில் வெந்த விசுவாசம்

"ஆஹா! உப்பே இல்லை சார். காயோட நிஜ ருசி இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, வெந்த காலிஃபிளவர் துண்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார் சீனியர். எதிரே எம்.டி.யின் முகம் மலர்ந்தது.

குழாயும் வால்வும் விற்கும் அந்தக் கம்பெனியில் இருபது வருடமாக ஒரே பதவியில் இருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். மூன்று நாள், மூன்று ஊர், தினமும் ஓட்டலில் டீலர்களுக்கு விருந்து. எம்.டி.யோடு வந்தவர்கள் இரண்டே பேர்: சீனியரும், தடித்த கண்ணாடி போட்ட ஜூனியர் சோடாபுட்டியும். தலைமை அலுவலக மேனேஜர் நாற்காலி இருவரில் யாருக்கு என்பதை டூர் முடிவதற்குள் சொல்லிவிடுவதாக எம்.டி. அறிவித்திருந்தார்.

"மேனேஜர் ஆயிட்டா ஊர் ஊரா அலைய வேண்டாம். மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடு. அதுவரைக்கும் வாயைக் கட்டுங்க" என்று போனில் சொன்னாள் மனைவி.

"வாயைக் கட்டிக்கிட்டுத்தான்டி மூணு வேளையும் இலை தழை மேய்ஞ்சுகிட்டு இருக்கேன்!"

எல்லாம் எம்.டி.யின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் செய்த வேலை. அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதர் ஞானியாகிவிட்டார். மெனு கார்டைப் பத்திரம் படிக்கும் வக்கீல்போல் வரிவரியாகப் படித்துவிட்டு, "இந்த சூப்புல எத்தனை கலோரி?" என்பார். "உள்ளே கேட்டுட்டு வர்றேன் சார்" என்று போகிற சர்வர் அதோடு சரி, வேறொருவர்தான் வருவார். வாட்டிய மீனைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றியெடுத்து, அதில் ஊறிய எண்ணெயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "பார்த்தீங்களா? எமன்!"

எமனைப் பார்த்துச் சீனியர் பயபக்தியோடு தலையாட்டுவார். எமனாவது வயிறு நிறையக் கொடுத்திருப்பான்.

சோடாபுட்டிக்கு எந்த பயமும் இல்லை. டீலர்களோடு டீலராக உட்கார்ந்து, வறுத்த கோழியை எலும்பு நொறுங்கக் கடித்தான். விரலைச் சப்பினான். ஐஸ்கிரீமை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டான். சீனியருக்கு நாக்கில் எச்சில் ஊறினாலும் நெஞ்சில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பயல் தன் குழியைத் தானே தோண்டுகிறான்!

இரண்டாம் நாள் எம்.டி. போன் பேச எழுந்து போனபோது அவன் தட்டை மெல்ல இந்தப் பக்கம் தள்ளினான்.

"அண்ணே, ஒரு துண்டு எடுத்துக்குங்க. முகத்தைப் பார்த்தா மூணு நாள் பட்டினி மாதிரி இருக்கு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

சீனியரின் கை அவரைக் கேட்காமலே நீண்டுவிட்டது. கோழிக்கால் உதட்டருகே வந்த நேரம் பார்த்து எம்.டி. திரும்பினார்.

"தம்பி!" என்று அதட்டிக் கோழிக்காலை அவன் தட்டிலேயே போட்டார் சீனியர். "சின்ன வயசு, உடம்பைப் பார்த்துக்க வேண்டாமா? இதெல்லாம் விஷம்!"

"பிழைச்சுப்பீங்க அண்ணே" என்று முணுமுணுத்துவிட்டு அந்த விஷத்தை அவனே சாப்பிட்டு முடித்தான்.

எம்.டி.க்குப் பரம திருப்தி. அன்று சாப்பாட்டுக்குப் பின் சீனியரின் தோளில் கைபோட்டு, ஓட்டல் தாழ்வாரத்தில் நாற்பது சுற்று நடக்க வைத்தார். எதிர்க்கடைக்கு நழுவி ரெண்டு பன் வாங்கலாம் என்றிருந்த திட்டம், ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்து தெரிந்து மறைந்தது.

"உங்களுக்கு இந்தச் சாப்பாடு சிரமமே இல்லையா?"

"சிரமமா? வருஷம் பூரா போட்டாலும் சாப்பிடுவேன் சார். வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு ஒத்துக்கறதே இல்லை. ஒரே எண்ணெய்." இருபது வருடமாகச் சமைத்துப் போட்டவளைக் கூசாமல் காட்டிக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினார் சீனியர்.

மூன்றாம் நாள் கடைசி விருந்து. டீலர்களை வழியனுப்ப சோடாபுட்டி வாசலுக்குப் போயிருந்தான். எம்.டி. நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒருத்தன் தட்டைப் பார்த்தா அவன் யாருன்னு தெரிஞ்சுபோயிடும். மூணு நாளா ரெண்டு பேரையும் கவனிச்சேன். அந்தப் பையனை எங்கேயும் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. பக்கத்துல உட்கார்ந்து அவன் திங்கற தீனியைப் பார்த்தா என் விரதமே கெட்டுடும் போலிருக்கு."

"நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் சார்" என்று வருத்தப்பட்டார் சீனியர். உள்ளே மேளதாளம் முழங்கியது. நாளைக்கு இந்நேரம் வீட்டுச் சமையலறையில், அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு…

"அதனாலதான் அவனை ஆபீசை விட்டு நகராதபடி மேனேஜர் நாற்காலியில உட்கார வெச்சுட்டேன்."

காலிஃபிளவர் தொண்டையிலேயே நின்றது. "சார்… அப்ப நான்?"

எம்.டி. அவர் கையைப் பாசத்தோடு பற்றிக்கொண்டார். பிடி இரும்பாக இருந்தது.

"வருஷத்துல இருநூறு நாள் டூர் இருக்கு. இனிமே எல்லாத்துக்கும் என்கூட நீங்கதான்!"