போட்டு வாறன்

"குறை ஏதும் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கோ பிள்ளை. அப்பதான் சேர்ந்து வேலை செய்யலாம்" என்றார் தேவராஜா.

சிட்னியில் வீட்டிலிருந்தபடியே அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மென்பொருள் எழுதித் தருவது கோயம்புத்தூரில் ஒரு குழு. அதன் தலைவி ஹம்சா திரையில் தயங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு சார். தினமும் மீட்டிங் முடியறப்போ 'போட்டு வாறன்'னு சொல்லிட்டுப் போறீங்க. புது வெர்ஷனை சர்வர்ல போட்டுட்டு வருவீங்கன்னு நாங்க லைன்லயே இருக்கோம். நீங்க வர்றதே இல்ல."

"எவ்வளவு நேரம் இருப்பியள்?"

"அரை மணி நேரம் சார். ரெண்டு வாரமா."

தேவராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய யாழ்ப்பாணத் தமிழில் 'போட்டு வாறன்' என்றால் 'போய் வருகிறேன்' என்று விடைபெறுவது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தார்.

எதிரே மனைவி உட்காரும் கதிரை காலியாகக் கண்ணில் பட்டது. அவள் இறந்த பிறகு, வெளியே போனவர் திரும்பி வந்தாரா என்று பார்த்திருக்க, சிட்னிப் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

"மன்னிக்க வேணும் பிள்ளை. இனிக் கட்டாயம் வருவன்" என்றார்.

மறுநாள் மீட்டிங் முடிந்தது. "போட்டு வாறன்" என்று எழுந்து போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். திரையில் ஹம்சா அப்படியே இருந்தாள்.

"போட்டாச்சா சார்?"

"ஓம் பிள்ளை" என்று ஆவி பறக்கும் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "தேத்தண்ணி."