பெயர் கேட்காத அறை

"இங்க யாரு பேரும் சொல்ல வேண்டாம்மா. ஒம் பேரும் வேண்டாம், அந்த ஆளு பேரும் வேண்டாம். நடந்தத மட்டும் சொல்லு" என்றாள் ஜெனவீவ். கல்லூரியில் மாணவர்களின் குறைகளைக் கேட்க அவளை அமர்த்தியபோது, அவளே வகுத்துக்கொண்ட விதி அது.

கோலா கெத்தில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்திலிருந்து படிக்க வந்திருந்த பெண் கைக்குட்டையைப் பிசைந்தாள்.

"ஒரு லெக்சரர், மிஸ். பாஸாகணும்னா சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குத் தனியா வரணுமாம்."

ஜெனவீவ் நாற்காலியை முன்னே இழுத்தாள்.

"போகாத. நீ ஒரு தப்பும் பண்ணல. இப்பவே பிரின்சிபால்கிட்ட போவோம், நானும் கூட வரேன்."

"அவரு வீட்டுக்காரம்மா பாவம்லா, மிஸ். தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவாங்க."

"நொறுங்கட்டும். இவனோட குடும்பம் நடத்துறவளுக்கு உண்மை தெரியணும். ஆமா, அந்நேரம் அவ எங்க போயிடுவாளாம்?"

"சர்ச்சுல பாட்டுப் பிராக்டிஸாம். சுங்கை லாலாங் ரோட்டுல, வாசல்ல மாதா சிலை வச்ச வீடாம்."

ஜெனவீவ் நாற்காலியில் சாய்ந்தாள்.

அந்த மாதாவுக்கு அன்று காலையில் பூமாலை போட்டவளே அவள்தான். எல்லாரும் 'மிஸ்' என்றே கூப்பிடுவதால், அவளுக்குப் புருஷன் உண்டென்று அந்தப் பெண் நினைத்துப் பார்த்ததில்லை.

"என்னாச்சு மிஸ்? தண்ணி குடிக்கிறீங்களா?"

மேசையைப் பிடித்துக்கொண்டு ஜெனவீவ் எழுந்தாள்.

"வாம்மா, போவோம்."

"அங்க பேரு கேப்பாங்களே, மிஸ்?"

"நீ சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."